கொழும்பில் 26 நாளாக நிற்கிற கன்டெய்னர்: தேயிலைக்கு என்ன ஆகும், கிளெய்ம் யார் தருவார்கள்?

11 ஜூலை 2024, கோத்தகிரியிலிருந்து ஒரு தம்பி கேட்டது

அண்ணா, எங்கள் 20 அடிப் பெட்டி கொச்சியிலிருந்து போய் ஜூன் 15 கொழும்பில் இறங்கியது. அங்கே ஐரோப்பா போகிற பெரிய கப்பலுக்கு மாற்ற வேண்டும். 26 நாளாகியும் ஏற்றவில்லை, இரண்டு தடவை ரோல் ஆகிவிட்டது, அதாவது அடுத்த கப்பலுக்குத் தள்ளிவிட்டார்கள். உள்ளே முழுக்க ஆர்த்தடாக்ஸ் ரகத் தேயிலைத் தூள். பெட்டி சீல் வைத்துப் பூட்டியிருக்கிறது, மழை உள்ளே போக வழியில்லை, ஆல் ரிஸ்க் பாலிசியும் எடுத்திருக்கிறோம். நின்றதால் சரக்கு கெட்டால் இன்சூரன்ஸ் கொடுக்கும், அது கொடுக்காவிட்டால் கப்பல் கம்பெனி கொடுத்தாக வேண்டும் என்கிறார் ஏஜென்ட். பயப்பட ஒன்றுமில்லைதானே?

11 ஜூலை, இரவு

பயப்பட இருக்கிறது தம்பி. "நின்றதால் கெட்டது" என்ற வார்த்தையை முதலில் மறந்துவிடு. ஏஜென்டுக்கு எழுதுகிற மெயிலில் கூட அதை எழுதாதே.

பாலிசியை எடுத்து இன்ஸ்டிட்யூட் கார்கோ கிளாஸ் ஏ என்று போட்டிருக்கிற தாளைப் பார். ஆல் ரிஸ்க் என்று நாம் சொல்வது அதைத்தான். அதில் 4.5 என்று ஒரு வரி இருக்கும். தாமதத்தால் வந்த நட்டத்துக்குப் பணம் கிடையாது, அந்தத் தாமதமே பாலிசி ஏற்றுக்கொண்ட ஓர் ஆபத்தால் வந்திருந்தாலும் கிடையாது. இது வெள்ளைக்காரன் எழுதிய ஷரத்து மட்டுமில்லை, நம் 1963 கடல்வழி இன்சூரன்ஸ் சட்டத்தின் 55ஆம் பிரிவும் அதையேதான் சொல்கிறது. இதில் வேடிக்கை என்னவென்றால், அதே தாளில் 8ஆம் ஷரத்து உன் கையில் இல்லாத தாமதத்தின்போது பாலிசி உயிரோடு இருக்கும் என்கிறது. அதாவது கொழும்பில் நிற்கும்போது கிரேன் பெட்டியைக் கீழே போட்டால் பணம் உண்டு. சும்மா நின்றே கெட்டது என்றால் இல்லை.

பர்லியாறு பக்கம் மண் சரிந்து ரோடு அடைத்த நாளில் மேட்டுப்பாளையம் மண்டிக்குக் கேரட் கொண்டுபோனவனைக் கேட்டுப் பார். லாரி கவிழ்ந்திருந்தால் யாரிடமாவது கேட்கலாம். நின்று வாடிப் போனதை மண்டிக்காரர் கழிவு என்று சொல்லித் தள்ளிவிடுவார். கடலிலும் அதே கணக்குதான்.

13 ஜூலை

என் கதையைச் சொல்கிறேன், இல்லையென்றால் சட்டம் பேசுகிறவன் என்று நினைப்பீர்கள். நான் குன்னூரில் தூள் வாங்கிக் கலந்து அனுப்புகிற சின்ன ஆள்.

2021 நவம்பர். உலகம் முழுக்கப் பெட்டிக்குப் பஞ்சம். அந்த செப்டம்பரில்தான் 40 அடிப் பெட்டிக்குக் கப்பல் வாடகை சொல்கிற ட்ரூரி குறியீடு 10,000 டாலரைத் தாண்டியிருந்தது. பெட்டி கிடைத்ததே புண்ணியம் என்று, நல்ல காலமாக இருந்தால் திருப்பி அனுப்பியிருக்கக்கூடிய பெட்டியை வாங்கிக்கொண்டேன். மேட்டுப்பாளையம் கிடங்கில் உள்ளே நின்று கதவைச் சாத்தச் சொன்னேன். எப்போதும் செய்கிற சோதனைதான், இருட்டில் நின்று எங்கேயாவது ஊசிமுனை வெளிச்சம் வருகிறதா என்று பார்ப்பது. ஒன்று தெரிந்தது, வலது பக்கம், மேலே. டேப் ஒட்டினோம். வாடையும் இருந்தது, வெங்காயம் போன மாதிரி. அதற்கு இரண்டு மணி நேரம் கதவைத் திறந்து போட்டோம். (தேயிலைக்கு வாடை பிடிப்பது பற்றித் தனியாக ஒரு நாள் எழுத வேண்டும், அது வேறு ராமாயணம்.)

மூட்டை அடுக்குகிற மரத்தட்டு, அதாவது பேலட், 10; பேலட்டுக்கு 20 மூட்டை, மூட்டைக்கு 38 கிலோ. போலந்தில் கிடைனியா துறைமுகம். 35 நாளில் போயிருக்க வேண்டியது 79 நாள் ஆனது. அதில் 33 நாள் கொழும்பு யார்டில், வெயிலில். அங்கே திறந்தபோது மேல் இரண்டு அடுக்கில் 31 மூட்டையின் காகிதம் ஊறிக் கறை பிடித்து, தையல் ஓரத்தில் கரும்புள்ளியாகப் பூஞ்சை. படம் வந்தபோது நான் வண்டிச்சோலையில் ஒரு கல்யாணத்தில் இலைக்கு முன்னால் உட்கார்ந்திருந்தேன். பாயசம் இறங்கவில்லை.

13 ஜூலை, பத்து நிமிடம் கழித்து

31 இல்லை, 34. பழைய ஃபைலைப் பார்த்தேன். சேதம் பார்க்க வந்த சர்வேயர் முதல் நாள் எண்ணியது 31.

14 ஜூலை

ஒருவர் கேட்கிறார்: கதவைச் சாத்தும்போது உள்ளே மாட்டிக்கொண்ட காற்றின் ஈரம்தானே, அது எவ்வளவு இருந்துவிடும்?

நல்ல கேள்வி. கணக்குப் போட்டால், 30 டிகிரியில் ஒரு கன மீட்டர் காற்று அதிகபட்சம் 30 கிராம் தண்ணீர்தான் தாங்கும். 20 அடிப் பெட்டிக்குள் சுமார் 33 கன மீட்டர். மொத்தமே ஒரு லிட்டர். ஒரு லிட்டரால் 34 மூட்டை ஊறாது. தண்ணீர் வேறு எங்கிருந்தோ வந்திருக்கிறது. எங்கிருந்து என்பதுதான் முழுச் சண்டையும்.

18 ஜூலை

என் 2021 பெட்டியின் சர்வே. போலந்தில் சர்வேயர் கறை மேல் சில்வர் நைட்ரேட் சொட்டு விட்டார். ப்ளஸ் டூவில் உப்புப் பகுப்பாய்வு செய்தவர்களுக்கு ஞாபகம் இருக்கும், குளோரைடு இருந்தால் தயிர் போன்ற வெண்மை நிற வீழ்படிவு. கறையில் குளோரைடு என்றால் கடல் தண்ணீர், கடல் தண்ணீர் என்றால் ஓட்டைப் பெட்டி, ஓட்டைப் பெட்டி என்றால் கப்பல்காரன் பொறுப்பு, நமக்கும் பாலிசியில் பணம். குளோரைடு இல்லாத நல்ல தண்ணீர் என்றால் மழையாக இருக்கலாம், உள்ளேயே வியர்த்த தண்ணீராகவும் இருக்கலாம், அப்போதுதான் வம்பு.

வெள்ளையாக வந்தது! மெயிலைப் பார்த்துவிட்டு நான் பெட்ஃபோர்டு பேக்கரியில் இரண்டு கிலோ வர்க்கி வாங்கி ஆபீசில் எல்லாருக்கும் கொடுத்தேன்.

19 ஜூலை

வர்க்கி கதையின் மீதி. மூன்று வாரம் கழித்து லேப் ரிப்போர்ட் வந்தது. குளோரைடு நிறைய, சோடியம் கொஞ்சம்தான், கால்சியம் எக்கச்சக்கம். கடலில் அப்படி இருக்காது. ஈரத்தை உறிஞ்சட்டும் என்று நானே கூரையோரம் தொங்கவிட்ட பைகளில் இருந்தது கால்சியம் குளோரைடு. 79 நாளில் அது குடிக்க வேண்டியதெல்லாம் குடித்து, நிரம்பி, ஓரத்தில் கசிந்து என் மூட்டை மேலேயே சொட்டியிருக்கிறது. 40 நாளுக்குக் கணக்குப் பார்த்து வாங்கிய பை. காவலுக்கு வைத்த நாயே கடித்த கதை.

எல்லா மூட்டையும் அப்படியில்லை. 34இல் 9 மூட்டையில்தான் அந்தக் கசிவு. மீதி 25இல் குளோரைடே இல்லை, கூரையில் வியர்த்துச் சொட்டிய சாதாரணத் தண்ணீர். பகலில் கூரை கொதிக்கும், உள்ளே உள்ள மரமும் காகிதமும் ஈரத்தைக் காற்றில் விடும். ராத்திரி கூரை குளிரும், ஈரம் அங்கே போய் முத்து முத்தாக ஒட்டும், சொட்டும். கடலில் ஓடும்போதும் இது நடக்கும். ஆனால் யார்டில் மேல் அடுக்கில் வெயிலில் நிற்கிற பெட்டிக்கு ஒவ்வொரு நாளும் ஒரு சுற்று. 33 நாள், 33 சுற்று.

சர்வே ரிப்போர்ட்டின் கடைசி வரியில் "நீண்ட நாள் நிறுத்தி வைத்ததால்" என்று இரண்டு மூன்று வார்த்தை. அதைப் பிடித்துக்கொண்டு இன்சூரன்ஸ்காரர்கள் 4.5 என்றார்கள், கூடவே 4.4 என்றார்கள். 4.4 என்றால் சரக்கின் சொந்தக் குணத்தால் கெட்டது என்று அர்த்தம். வாழைப்பழம் பழுப்பது மாதிரி. நாங்கள், காரணம் வியர்வை, தாமதம் இல்லை, வியர்வைக்கு ஏ கிளாஸில் பணம் உண்டு என்று வாதாடினோம். ஏழு மாதம் மெயில் போய் மெயில் வந்து, கடைசியில் கேட்டதில் பாதிக்குக் கையெழுத்துப் போட்டேன். இன்னும் இழுத்திருக்கலாம் என்று தோன்றுகிற ராத்திரிகள் உண்டு.

2 ஆகஸ்ட்

போனில் ஒருவரிடம் தப்பாகச் சொல்லிவிட்டேன், இங்கே திருத்திவிடுகிறேன். வெளியே தெரியாத சேதத்துக்கு, சரக்கை எடுத்த மூன்று நாளுக்குள் கப்பல்காரனுக்கு எழுத்தில் சொல்லாவிட்டால் எல்லாம் போச்சு என்று சொன்னேன். அப்படியில்லை. மூன்று நாள் தாண்டினால் சரக்கு நன்றாகவே ஒப்படைக்கப்பட்டது என்ற அனுமானம் அவன் பக்கம் போகும், அதை உடைக்கிற வேலை உன்னுடையது, அவ்வளவுதான். உண்மையில் கதவு மூடுவது ஒரு வருடத்தில். ஒப்படைத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் வழக்குப் போடாவிட்டால், அல்லது கூடுதல் அவகாசத்தை எழுத்தில் வாங்காவிட்டால், முடிந்தது. நெரிசல் காலத்தில் இதுதான் ஆளைக் கவிழ்க்கும். வாங்கினவன் கிடங்கில் அடைசலாக இருக்கிறது என்று பிரிக்காமல் வைத்திருப்பான், என் ஆள் ஒன்பது நாள் கழித்துத்தான் பிரித்தான், அப்புறம் இன்சூரன்ஸோடு ஏழு மாதம் மல்லுக்கட்டிவிட்டுக் காலண்டரைப் பார்த்தால் கப்பல்காரன் மேல் வழக்குப் போடக் கொஞ்ச காலம்தான் மிச்சம்.

இன்னொன்று, பி.எல்., அதாவது கப்பல்காரன் தருகிற சரக்கு ரசீதை (பில் ஆஃப் லேடிங்) பார்த்து வாங்குங்கள். "10 பேலட்" என்று மட்டும் போட்டிருந்தால் பொதி 10தான். "10 பேலட்டில் 200 மூட்டை" என்று போட்டிருந்தால் பொதி 200. கப்பல்காரனின் பொறுப்பு பொதிக்கு 666.67 எஸ்.டி.ஆர். (ஐ.எம்.எஃப்.பின் கணக்கு அலகு) அல்லது கிலோவுக்கு 2 எஸ்.டி.ஆர்., எது அதிகமோ அது. 760 கிலோ பேலட் ஒன்றே பொதி என்றால் 1,520 எஸ்.டி.ஆரில் நின்றுவிடும், நல்ல ஆர்த்தடாக்ஸுக்கு அது இடிக்கும். மூட்டைக் கணக்கு என்றால் உச்சவரம்பு நம் பக்கமே வராது. ஒரு வரி டைப் அடிக்கச் சோம்பல்பட்டு எத்தனை பேர் விட்டிருக்கிறோம்.

2 ஆகஸ்ட், மறுபடி

சி.ஐ.எஃப்., அதாவது இன்சூரன்ஸும் கப்பல் வாடகையும் சேர்த்த விலைக்கு விற்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. இன்கோடெர்ம்ஸ் 2020 என்கிற சர்வதேச விற்பனை விதிகள் படி சி.ஐ.எஃப்.பில் நாம் எடுத்துத் தர வேண்டிய குறைந்தபட்சம் சி கிளாஸ், ஏ-யைவிடக் குறைவாகக் காக்கிற பாலிசி. அதில் வியர்வைக்கெல்லாம் பணமே கிடையாது. பிரீமியம் மிச்சம் என்று அதோடு நிறுத்திக்கொள்கிற நண்பர் ஒருவர் எங்கள் தெருவிலேயே இருக்கிறார். இதைப் படிப்பார் என்று தெரியும்.

21 செப்டம்பர்

கொஞ்சம் வேறு பக்கம் போகிறேன். செங்கடல் பக்கம் போகாமல் ஆப்பிரிக்காவைச் சுற்றுவதால் 10-14 நாள் கூடுகிறது என்பதோடு விட்டுவிடுகிறோம். ஆப்பிரிக்காவின் தென்முனையில் ஜூன், ஜூலை, ஆகஸ்ட் நல்ல குளிர்காலம், அலையும் பெரிசு. அடுக்கில் கீழே இருக்கிற பெட்டி நசுங்குவது, கட்டு அறுவது எல்லாம் அந்த வழியில் அதிகம். அப்புறம் துறைமுகம் அடைத்தால் பெட்டியை இங்கே எடுத்து அங்கே வைத்து, கீழே உள்ளதை எடுக்க மேலே உள்ளதை இறக்கி, ஒரு பெட்டி சாதாரணமாக வாங்குகிற இடியைவிட மூன்று நான்கு இடி கூடுதலாக வாங்கும். அந்த இடியில் மூட்டைத் தையல் வாய் திறக்கும், உள்ளே இருக்கிற ஃபாயில் கிழியும். அதற்கு மேல் ஈரம் சொட்டினால் கேட்கவே வேண்டாம்.

ஜெனரல் ஆவரேஜ் பற்றி இரண்டு பேர் கேட்டிருந்தீர்கள். ஆவரேஜ் என்றால் இங்கே சராசரி இல்லை, நட்டம். எவர் கிவன் என்கிற கப்பல் 2021 மார்ச் 23 சூயஸ் கால்வாயில் குறுக்கே மாட்டி 29ஆம் தேதி விடுபட்டது, ஆனால் எகிப்து அதை ஜூலை 7 வரை விடவில்லை. கப்பல் சொந்தக்காரர் ஜெனரல் ஆவரேஜ் அறிவித்துவிட்டார். கப்பலைக் காப்பாற்ற ஆன செலவில் உள்ளே சரக்கு வைத்திருந்த ஒவ்வொருவனும் பங்கு தர வேண்டும், அவன் சரக்கில் ஒரு கீறல் இல்லாவிட்டாலும். பாலிசி இருந்தால் அவர்கள் கியாரண்டி கொடுப்பார்கள். இல்லாதவன் ரொக்கம் கட்டினால்தான் பெட்டியையே விடுவார்கள். பக்கத்து வீட்டில் தீ அணைக்க நம் கிணற்றில் தண்ணீர் எடுத்துவிட்டு நம்மிடமே பில் கொடுத்த மாதிரி என்று திட்டினேன். யோசித்தால் அப்படியில்லை, எல்லாரும் ஒரே வீட்டில்தான் இருந்தார்கள்.

4 அக்டோபர்

கோத்தகிரித் தம்பியின் பெட்டி ஜூலை 29 கொழும்பில் ஏறி, ஆப்பிரிக்காவைச் சுற்றி ஹாம்பர்க் போய்ச் சேர்ந்து, போன வாரம் திறந்தாயிற்று. கொழும்பில் மட்டும் 44 நாள் நின்ற பெட்டி. நான் எழுதியதைப் படித்துவிட்டு அவர் வீட்டில் ராத்திரி தூங்கவில்லையாம்.

சேதம் மூன்று மூட்டை. அதுவும் கதவோரம் உரசிக் கிழிந்தது. ஈரமே இல்லை.

சந்தோஷம். ஆனால் எனக்கு இது இடிக்கிறது. என் பெட்டியைவிட 11 நாள் அதிகமாக, அதே யார்டில், அதே மாதிரி வெயிலில் நின்றிருக்கிறது. ஈரம் உறிஞ்சுகிற பை கூட அவர் பாதிதான் போட்டிருந்தார்.

6 அக்டோபர்

போன் போட்டுக் கேட்டேன். மே கடைசியில், நல்ல வெயில் நாளில் ஏற்றியிருக்கிறார். அவருடைய வாங்குபவர் பேலட் வேண்டாம் என்று சொன்னதால் தரையில் அட்டை விரித்து மூட்டைகளை நேராக அடுக்கிவிட்டார். மரம் என்று உள்ளே பெட்டியின் சொந்தத் தரைப்பலகை மட்டும்தான்.

பேலட்.

9 நவம்பர்

ஈரம் பார்க்கிற மீட்டர் ஒன்று வாங்கினேன், இரண்டு ஊசி இருக்கும், பலகையில் குத்தினால் எத்தனை சதவீதம் ஈரம் என்று காட்டும். எங்கள் ஷெட்டில் அடுக்கியிருந்த புதுப் பேலட்டில் குத்தினேன். 31. நம்பாமல் பக்கத்துப் பலகையில் குத்தினேன். 29. அடிக்கட்டையில் 34. இருபதுக்குக் கீழே இருக்க வேண்டும்.

எல்லாம் சில்வர் ஓக். தோட்டத்தில் வெட்டி, மரமில்லில் அறுத்து, ஆணி அடித்து, கோவையில் சூடு காட்டி எச்.டி. முத்திரை குத்தி இரண்டே வாரத்தில் என் ஷெட்டுக்கு வருகிறது. அந்த முத்திரையைப் பார்த்து இத்தனை வருடமாகக் காய்ந்த மரம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். கட்டையின் நடுவில் 56 டிகிரி, அரை மணி நேரம், அவ்வளவுதான் அந்த விதி. அது பூச்சி சாவதற்கு. மரம் காய்வதற்கு இல்லை.

பேலட் ஒன்று 20 கிலோ வைத்துக்கொண்டாலும் பத்துக்கு 200 கிலோ. அதில் 40, 45 லிட்டர் தண்ணீர். மேலே ஒரு லிட்டர் கணக்குப் போட்டேனே, ஞாபகம் இருக்கிறதா. இது போக, 2021 நவம்பரில் என்ன செய்தேன் தெரியுமா? குன்னூரில் பனி இறங்கி எதிரே நிற்கிற லாரியின் நம்பர் தெரியாத காலையில், ஷெட் கதவைத் திறந்து போட்டுக்கொண்டு, மூட்டையைப் பேலட்டில் அடுக்கி, ஈரத்தோடு சேர்த்துப் பிளாஸ்டிக் ஃபிலிம் சுற்றி இறுக்கிக் கட்டினேன். கொழும்பில் சொட்டியது என் ஷெட்டுத் தண்ணீர். கொழும்பு அதற்கு நேரம் கொடுத்தது.

அப்படியென்றால் இன்சூரன்ஸ்காரர்கள் 4.3 என்று ஒரு வரி வைத்திருக்கிறார்கள், பேக்கிங் சரியில்லாதது. அதை அவர்கள் எடுத்திருந்தால் பாதி கூடக் கிடைத்திருக்காது. எடுக்கவில்லை. பேலட்டில் யாரும் ஊசி குத்திப் பார்க்கவில்லை. மேலே "இன்னும் இழுத்திருக்கலாம்" என்று எழுதியதை வாபஸ் வாங்கிக்கொள்கிறேன்.

26 மே 2025

காலையிலிருந்து எல்லாரும் கேட்கிறீர்கள், என் பெட்டி அதில் இல்லை. எம்.எஸ்.சி. எல்சா 3 விழிஞ்ஞத்திலிருந்து கொச்சிக்கு வந்துகொண்டிருந்த கப்பல், கொச்சியில் ஏற்றிப் போனதில்லை. சனிக்கிழமை சாய்ந்து ஞாயிறு காலை மூழ்கியது. 24 பேரும் பிழைத்தார்கள், அது போதும். 640 பெட்டி. 12இல் கால்சியம் கார்பைடு. ஒரு நண்பர் பதறிப்போய் "அண்ணா, நீங்கள் தொங்கவிடுகிற பை அதுதானே" என்கிறார். இல்லை ஐயா, அது குளோரைடு, இது மாம்பழத்தைத் திருட்டுத்தனமாகப் பழுக்க வைக்கிற கல்.

முழுசாக மூழ்கிய பெட்டிக்குக் கிளெய்ம் சுலபம், யாரும் சில்வர் நைட்ரேட் கேட்க மாட்டார்கள். ஜூன் முழுக்கக் கொச்சி ஷெட்யூல் கலையும், அதற்குத் தயாராக இருங்கள்.

19 ஆகஸ்ட் 2025

கப்பல்காரனின் பொறுப்பைச் சொல்கிற 1925 சட்டத்துக்குப் பதிலாகப் புதிய கடல்வழிச் சரக்குச் சட்டம் நிறைவேறிவிட்டது, மேலே சொன்ன ஒரு வருடமும் மாறிவிட்டதா என்று கேட்டிருந்தார்கள். மாறவில்லை. மூன்று நாள், ஒரு வருடம், இரண்டும் அப்படியே.

18 நவம்பர் 2025

இன்று லோடிங். விடியற்காலையிலிருந்து சிம்ஸ் பார்க் பக்கம் ஒரே பனி. பேலட் பதினொன்றில் குத்திப் பார்த்தேன், ஏழு 18, 19 காட்டுகிறது, நான்கு 24. அந்த நான்கையும் ஒதுக்கிவிட்டு, வெயில் வரட்டும் என்று ஷெட் கதவைச் சாத்திவிட்டேன். மணி பன்னிரண்டு. வெயில் வரவில்லை. மேட்டுப்பாளையத்தில் பெட்டி காத்திருக்கிறது, கொச்சியில் பெட்டியை ஏற்றுக்கொள்கிற கடைசி நாள் (கட்-ஆஃப்) நாளை மறுநாள், லாரி டிரைவர் நிற்கிற நாளுக்குப் பேட்டா தனி என்று ஷெட் திண்ணையில் உட்கார்ந்து மூன்றாவது டீ குடிக்கிறார். தாமதத்துக்கு யார் பணம் தருவார்கள் என்று அவர் என்னைக் கேட்டார். எடுத்துக் கொடுத்தேன்.